வளர்ப்புப் பறவைக்கு ரத்தம் கசிந்தால்: பிடுங்குவதா, அழுத்துவதா, காத்திருப்பதா?

உடைந்த இறகிலிருந்து ரத்தம் வந்தால் உடனே வேரோடு பிடுங்கிவிட வேண்டும் என்கிறார் ஒருவர். தொடவே கூடாது, மருத்துவரிடம் ஓடுங்கள் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் மாவைத் தூவினால் போதும் என்கிறார். பறவை வளர்ப்பவர்களிடம் கேட்டால் இந்த மூன்று பதில்களும் கிடைக்கும். மூன்றுமே ஏதோ ஒரு நிலையில் சரி, வேறொரு நிலையில் ஆபத்து.

எது எப்போது பொருந்தும் என்று முடிவுசெய்ய மூன்று கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். ரத்தம் எங்கிருந்து வருகிறது? எவ்வளவு போயிருக்கிறது? இப்போதும் வந்துகொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா? பலர் கடைசிக் கேள்வியைக் கேட்பதே இல்லை. ரத்தத்தைப் பார்த்ததும் பறவையைப் பிடிக்கிறார்கள், அது உதறுகிறது, உறைந்திருந்த ரத்தம் பெயர்ந்து மறுபடி ஒழுகத் தொடங்குகிறது.

ஒரு தேக்கரண்டிகூடத் தேறாத ரத்தம்

பறவையின் உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ரத்தம். 100 கிராம் பறவைக்குச் சுமார் 10 மில்லி. 35 கிராம் எடையுள்ள பட்ஜி என்ற சின்னக் கிளிக்கு 3.5 மில்லி. மொத்த ரத்தத்தையும் எடுத்தால் ஒரு தேக்கரண்டி நிறையாது.

இதில் எவ்வளவு போனால் தாங்கும்? பரிசோதனைக்காக ரத்தம் எடுக்கும்போது மருத்துவர்கள் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: ஆரோக்கியமான பறவையின் உடல் எடையில் 1 சதவீதம், அதாவது அதன் ரத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்:

1. 35 கிராம் பட்ஜி: 0.35 மில்லி, சுமார் 7 சொட்டு.
2. 90 கிராம் காக்கட்டீல் (கொண்டையுள்ள சிறு கிளி): 0.9 மில்லி, சுமார் 18 சொட்டு.
3. 450 கிராம் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி: 4.5 மில்லி, சுமார் 90 சொட்டு.

இந்த எண்ணிக்கையைத் தாண்டினால் உடனே உயிர் போய்விடும் என்று பொருளில்லை. நல்ல உடல்நிலையில் இருக்கும் பறவை, அதே விகிதத்தில் ரத்தம் இழந்த பாலூட்டியைவிட அந்த இழப்பைப் பெரும்பாலும் நன்றாகவே சமாளிக்கும். ஆனால் வீட்டில் எண்ணிப் பார்ப்பதற்கு இதுவே பாதுகாப்பான கோடு. அதற்குள் என்றால் நிதானமாகப் பார்க்கலாம். அதைக் கடந்துவிட்டால், ரத்தம் நின்றிருந்தாலும், மருத்துவர் பார்த்தாக வேண்டும். ஏற்கெனவே நோயுற்ற, மெலிந்த, வயதான பறவைக்கு இந்தக் கோட்டை இன்னும் கீழே இறக்கிக்கொள்ள வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், கறையைப் பார்த்து யாராலும் அளவைச் சொல்ல முடியாது. காக்கட்டீல் ஒருமுறை சிறகை உதறினாலே நாலைந்து சொட்டு கூண்டுக் கம்பி, சுவர், தண்ணீர்க் கிண்ணம் என எல்லா இடத்திலும் தெறித்துவிடும். கிண்ணத்தில் விழுந்த இரண்டு சொட்டு முழுத் தண்ணீரையும் சிவப்பாக்கும். ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, கூண்டின் அடியில் விரிப்பது போன்ற தாளில் ஒரு சொட்டு, ஐந்து சொட்டு, பத்து சொட்டு என்று விட்டுப் பாருங்கள். அந்தக் கறைகளின் அகலம் ஒருமுறை கண்ணில் பதிந்துவிட்டால், பதற்றமான நேரத்தில் கணக்கு ஓரளவு நிஜத்துக்குப் பக்கத்தில் வரும்.

உறைவது எப்படி

மனித ரத்தத்தில் உறைதலைத் தொடங்கிவைப்பவை தட்டணுக்கள். அவற்றுக்கு உட்கரு கிடையாது. பறவைகளில் அந்த வேலையைச் செய்யும் அணுக்களுக்கு உட்கரு உண்டு. சிவப்பணுக்களுக்கும் அப்படித்தான். பறவை ரத்தம் உறைய முக்கியமான தூண்டுதல் காயம்பட்ட திசுவிலிருந்தே வருகிறது. அந்தத் திசுவும் ரத்தமும் கொஞ்ச நேரம் அசையாமல் ஒட்டியிருந்தால் உறைதல் நடக்கும். அழுத்திப் பிடிப்பது, இருட்டில் அமைதியாக வைப்பது என்ற இரண்டு எளிய வழிகளும் பொடி, மருந்து எல்லாவற்றையும்விட முந்தி நிற்பது இதனால்தான்.

ரத்த இறகு: அதிகக் குழப்பம் இங்கேதான்

முழுதாக வளர்ந்த இறகு, நகத்தைப் போல, உயிரற்ற பொருள். அதை வெட்டினால் வலிக்காது, ரத்தமும் வராது. வளர்ந்துகொண்டிருக்கும் இறகு அப்படியல்ல. அதன் தண்டுக்குள் ரத்தக்குழாய் ஓடுகிறது. இதை வளர்ப்பவர்கள் பிளட் ஃபெதர் என்பார்கள். இங்கே ரத்த இறகு என்று வைத்துக்கொள்வோம். சிறகை வெளிச்சத்துக்கு எதிரே மெல்ல விரித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். வளர்ந்த இறகின் அடித்தண்டு வெளுத்து, உள்ளே வெறுமையாக இருக்கும். ரத்த இறகின் தண்டு தடித்து, கருநீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ, வெள்ளை மெழுகு போன்ற உறைக்குள் பாதி மூடியபடி இருக்கும். இறகு வளர வளர ரத்தம் அடியை நோக்கி வற்றி, கடைசியில் தண்டு காலியாகிவிடும்.

இந்தத் தண்டு நடுவில் முறிந்தால் உறிஞ்சு குழாயின் முனை திறந்தது போலத்தான். சிறகிலும் வாலிலும் உள்ள பெரிய இறகுகளில் இதிலிருந்து கணிசமான ரத்தம் போகலாம். நெஞ்சு, தலைப் பகுதியின் சின்ன இறகுகள் முறிந்தால் ஓரிரு சொட்டோடு பெரும்பாலும் நின்றுவிடும்.

முறிவதற்குக் காரணங்கள் பல. காக்கட்டீல்களில் அடிக்கடி நடப்பது இரவு மிரட்சி. இருட்டில் ஏதோ சத்தமோ நிழலோ பட்டு, பறவை கூண்டுக்குள் கண்மூடித்தனமாகப் படபடத்து, காலையில் பார்த்தால் கூண்டெல்லாம் ரத்தம். மங்கலான இரவு விளக்கு ஒன்று இதைப் பெருமளவு குறைக்கும். இன்னொரு காரணம் பலர் கவனிக்காதது: பறக்காமலிருக்கச் சிறகின் இறகுகளை வெட்டுவது. வழக்கமாக, முளைக்கும் இளம் இறகுக்கு இருபுறமும் முழு இறகுகள் அரணாக நிற்கும். வெட்டிவிட்டால் அந்த அரண் இல்லை. இளம் இறகு தனியாக நீட்டிக்கொண்டிருப்பதால் எதில் மோதினாலும் முதலில் முறிவது அதுதான். வெட்டும்போதே தவறுதலாக ரத்த இறகை நறுக்கிவிடுவதும் உண்டு.

இப்போது பிடுங்குவதா வேண்டாமா என்ற கேள்விக்கு வருவோம். பிடுங்கச் சொல்வது பழைய அறிவுரை. தண்டு போய்விட்டால் ஒழுகும் குழாயும் போய்விடும், இறகுக் குழி தானாகச் சுருங்கி ரத்தத்தை நிறுத்தும் என்பது அதன் வாதம். அது பொய்யல்ல. ஆனால் அதில் சொல்லப்படாத செலவுகள் இருக்கின்றன:

1. வளரும் இறகில் நரம்புத் தொடர்பு உண்டு. பிடுங்குவது கடுமையாக வலிக்கும்.
2. சிறகின் பெரிய இறகுகள் எலும்போடு நெருக்கமாகப் பிணைந்தவை. எலும்பைத் தாங்கிப் பிடிக்காமல் இழுத்தால், பட்ஜி போன்ற சின்னப் பறவையின் சிறகெலும்பு முறியவும் கூடும்.
3. குழி சிதைந்தால் அடுத்து முளைக்கும் இறகு கோணலாக வரலாம், அல்லது தோலுக்கு அடியிலேயே சுருண்டு கட்டியாகலாம்.
4. பாதியில் அறுந்து துண்டு உள்ளே தங்கிவிட்டால் ரத்தமும் நிற்காது, அடுத்த முறை பிடிக்க நுனியும் இருக்காது.

ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும். ரத்தம் ஏற்கெனவே நின்றிருந்தால் அந்த இறகைத் தொடாதீர்கள். பறவையை அமைதியாக வையுங்கள். முறிந்த தண்டு காய்ந்து இறுகும்வரை ஓரிரு நாள் கண்காணித்தால் பெரும்பாலும் போதும். ரத்தம் வந்துகொண்டிருந்தால், முறிந்த முனையில் கார்ன்ஃப்ளாரைத் தோய்த்து, மடித்த காஸ் துணியால் இரண்டு மூன்று நிமிடம் விடாமல் பிடியுங்கள். அப்படியும் ஒழுகினாலோ, நின்று நின்று திரும்பத் திரும்பத் திறந்துகொண்டாலோதான் பிடுங்கும் பேச்சே எழ வேண்டும். அதையும் மருத்துவர் செய்வதே நல்லது.

மருத்துவர் எட்டாத தூரத்தில், ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும்போது வேறு வழியில்லை. ஒருவர் பறவையைத் துண்டில் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஒரு கையால் இறகு முளைத்த இடத்தின் எலும்பை உறுதியாகத் தாங்கி, மறு கையில் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் எனப்படும் பூட்டு இடுக்கியால் தண்டைத் தோலுக்கு மிக அருகில் கவ்வி, இறகு வளரும் திசையிலேயே, திருகாமல் நேராக, ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். பிறகு குழியைக் காஸ் துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். குழிக்குள் எந்தப் பொடியும் போகக் கூடாது.

நகமும் அலகும்

நகத்தை ஒட்ட வெட்டிவிட்டால் உள்ளிருக்கும் சதையிலிருந்து ரத்தம் வரும். வெளிர் நகத்தில் அந்தச் சிவப்புக் கோடு தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது, அதனால் துளித்துளியாகத்தான் வெட்ட வேண்டும். ரத்தத்தை அடைக்கும் ஸ்டிப்டிக் பவுடர் இருந்தால் நக முனையில் அழுத்தலாம். இல்லையென்றால் கார்ன்ஃப்ளார், அதுவும் இல்லையென்றால் காய்ந்த சோப்புக் கட்டியில் நக முனையை ஒருமுறை குத்தி எடுத்தால்கூட அடைத்துக்கொள்ளும். நின்றபின் பறவை கம்பிகளில் ஏறினால் திரும்பத் திறக்கும். துணி விரித்த சிறு பெட்டியில் ஒரு மணி நேரம் விடுங்கள்.

ஸ்டிப்டிக் பவுடர் பற்றி ஒரு எச்சரிக்கை. அது திசுவைச் சுட்டுத்தான் ரத்தத்தை அடைக்கிறது. நகத்துக்கும் அலகின் வெளி நுனிக்கும் சரி. தோல் காயம், இறகுக் குழி, வாய், நாக்கு, எச்சத்துவாரம் எதிலும் போடக் கூடாது. கடையில் பறவைகளுக்கானது என்று விற்பதால் எங்கும் தூவலாம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

அலகின் நுனி சற்றே சிதைந்தால் நகத்தைப் போலவே பார்க்கலாம். ஆனால் அலகுக்குள் எலும்பும் நரம்பும் ரத்தக்குழாய்களும் இருக்கின்றன. பிளந்தாலோ, அடிப்பகுதியில் ஆடினாலோ, மூக்குத் துளைகளை மூடாமல் மெல்ல அழுத்தியபடி நேராக மருத்துவரிடம். நாக்கிலோ வாய்க்குள்ளோ ரத்தம் என்றாலும் அப்படியே. அங்கே அழுத்தவும் முடியாது, பறவை விழுங்கிக்கொண்டே இருப்பதால் போன அளவும் தெரியாது.

தோல் காயம், அதிலும் பூனையின் பல்

தோல் கீறலுக்குக் காஸ் துணியும் அழுத்தமும் போதும். பஞ்சு வேண்டாம், அதன் இழை உறைந்த ரத்தத்தில் ஒட்டி, எடுக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். சிறகு வெட்டிய பறவை கீழே விழும்போது நெஞ்செலும்பின் முனையில் தோல் பிளப்பது அடிக்கடி நடப்பது. வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் தையல் தேவைப்படலாம்.

பூனை கடித்ததை ரத்தத்தின் அளவை வைத்து எடைபோடவே கூடாது. ஊசி போன்ற பல் ஆழமாக இறங்கிவிடும், தோல் மூடிக்கொள்ளும், இறகு அதையும் மறைத்துவிடும். ஒரு சொட்டுகூட வெளியே வராமல் இருக்கலாம். பூனையின் வாயில் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா சாதாரணமாக வாழ்கிறது. பறவையின் உடலுக்குள் போனால் ஓரிரு நாளில் ரத்தம் முழுக்கப் பரவிக் கொன்றுவிடும். பூனை கவ்வியது என்று தெரிந்தாலே, காயம் கண்ணில் படாவிட்டாலும், சில மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும்.

காயமே இல்லாமல் ரத்தம்

இது வேறு கதை. இங்கே முதலுதவி என்று எதுவும் இல்லை. காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் சிகிச்சை.

முதலில் எச்சத்தைப் பார்க்கத் தெரிய வேண்டும். அதில் மூன்று பகுதிகள் உண்டு: பச்சையோ பழுப்போ ஆன மலம், யூரேட் எனப்படும் வெள்ளையான சிறுநீரகக் கழிவு, நீரான சிறுநீர். பீட்ரூட்டோ சிவப்புப் பழமோ தின்ற பறவையின் எச்சம் சில மணி நேரம் சிவந்திருக்கும். அது பயப்பட வேண்டியதல்ல. அப்படி எதுவும் தின்னாமல் சிவப்பு வந்தால் நிறத்தின் இடம் துப்புக் கொடுக்கும்:

1. எச்சத்தின் மேல் புதிய ரத்தம், அல்லது எச்சத்துவாரத்தில் ரத்தம்: உள்தசை வெளியே பிதுங்கியிருக்கலாம், அங்கே கட்டி இருக்கலாம், பெண் பறவையாக இருந்தால் முட்டை சிக்கியிருக்கலாம்.
2. மலமே தார் போலக் கறுப்பு: குடலின் மேற்பகுதியில் ரத்தக் கசிவு இருக்கலாம். தீனி எடுக்காத பறவையின் எச்சமும் கரும்பச்சையாகச் சுருங்கும், அதுவும் நல்ல அறிகுறியல்ல.
3. யூரேட்டோ சிறுநீரோ இளஞ்சிவப்பு: ஈய நஞ்சு முக்கியமான சந்தேகம், அமேசான் கிளிகளில் குறிப்பாக. பழைய பெயின்ட், திரைச்சீலையின் அடியில் தைத்த எடைத் துண்டு போன்றவற்றைக் கொத்தியிருக்கும்.

எலி மருந்து இன்னொன்று. பல எலி மருந்துகள் உடலில் வைட்டமின் கே திரும்பப் பயன்படுவதைத் தடுத்து, ரத்தம் உறையும் திறனையே பறிக்கின்றன. விளைவு தின்ற அன்றே தெரியாது. சில நாள் கழித்து, சின்னக் கீறலில்கூட ரத்தம் நிற்காமல் போகும்போதுதான் தெரியும். சரியாக அழுத்தியும் நிற்காத கசிவுக்கு இதையும் மனத்தில் வைக்க வேண்டும். பறவைக்கான அளவு தெரிந்தவர் வைட்டமின் கே கொடுத்தால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

மூக்கிலோ அலகிலோ ரத்த நுரை, கூடவே மூச்சுத் திணறல் என்றால் அடுப்பைப் பாருங்கள். ஒட்டாத பூச்சுள்ள பாத்திரம் வெறுமையாகச் சூடேறினால் வெளிவரும் புகை பறவையின் நுரையீரலில் ரத்தக் கசிவை உண்டாக்கும். மனிதருக்கு வாசனைகூடத் தெரியாத நேரத்தில் பறவை விழுந்துவிடும். உடனே திறந்த காற்றுக்குக் கொண்டுபோய், அங்கிருந்தே மருத்துவரிடம்.

முதல் பத்து நிமிடம்

1. பிடிக்கும் முன் அரை நிமிடம் நின்று பாருங்கள். சொட்டுகிறதா, காய்ந்த கறையா? காய்ந்த கறையென்றால் கூண்டைத் துணியால் மூடி, விளக்கைக் குறைத்து, பிடிக்காமல் விடுங்கள்.
2. சொட்டுகிறது என்றால் சிறு துண்டால் பிடியுங்கள். தலையை இரு விரல்களுக்கு இடையே தாங்கி, சிறகுகளை உடலோடு சேர்த்து. நெஞ்சை இறுக்காதீர்கள். பறவைக்கு உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் ரத்தம் போவதற்கு முன்பே மூச்சு நின்றுவிடும்.
3. ரத்தம் வரும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். கறை பரவிய இடமும் ஊற்றும் ஒன்றல்ல. கோதிக்கொண்ட பறவையின் நெஞ்சில் ரத்தம் இருக்கும், காயம் கால் நகத்தில் இருக்கும்.
4. அழுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடம், கடிகாரம் பார்த்து. நடுவில் தூக்கிப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்துதான்.
5. நின்றதும் சிறிய பெட்டியில், மங்கலான வெளிச்சத்தில் விடுங்கள். வெப்பம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். இதை ரத்தம் நின்ற பிறகுதான் செய்ய வேண்டும். பறவை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், சிறகை உடலிலிருந்து விலக்கி வைத்தால், சூடு அதிகம்.

செய்யக் கூடாதவை: வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழாய்க்குள் போகும். எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு தடவினால் இறகு ஒட்டி உடற்சூடு இறங்கும். மனிதருக்கான வலி மாத்திரை கூடவே கூடாது. ஆஸ்பிரின் ரத்தம் உறைவதையே கெடுக்கும். இறகில் காய்ந்த ரத்தத்தை அன்றே கழுவ நினைப்பது நல்லெண்ணம்தான், ஆனால் தண்ணீர் உறைந்ததையும் சேர்த்துக் கரைக்கும். ஒரு நாள் போகட்டும்.

எப்போது காத்திருக்கக் கூடாது

ஐந்து நிமிடம் சரியாக அழுத்தியும் நிற்காதது, மேலே சொன்ன சொட்டுக் கணக்கைத் தாண்டியது, வாய், எச்சத்துவாரம், மூக்கு வழியே வருவது, பூனை அல்லது நாயின் பல் பட்டது. இவை எல்லாமே உடனே போக வேண்டியவை.

ரத்தம் நின்றுவிட்டது, ஆனாலும் பறவை சரியில்லை என்ற நிலையும் உண்டு. வேட்டையாடப்படும் உயிர் என்பதால் பறவை பலவீனத்தைக் கடைசிவரை மறைக்கும். மறைக்க முடியாமல் போகும்போதுதான் கூண்டின் தரையில் உட்காரும், இறகைச் சிலிர்த்துக் கண்ணை மூடும், ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடும், விரலைப் பற்றும் பிடி தளரும். பெரிய கிளியாக இருந்தால் இன்னொரு சோதனை. சிறகின் உட்புறம், முழங்கை மூட்டருகே, தோலுக்கு அடியில் ஒரு ரத்தக்குழாய் நீலமாக ஓடும். அதை விரலால் அழுத்தி விடுங்கள். நல்ல நிலையில் நாம் கவனிப்பதற்குள் ரத்தம் நிரம்பிவிடும். நிரம்ப ஒரு நொடிக்கு மேல் எடுப்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறது என்றால், ஓட்டம் குறைந்துவிட்டது என்று பொருள். இந்தச் சோதனைக்காகப் பறவையைத் துரத்திப் பிடிக்க வேண்டாம்.

தொலைபேசியில் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது சுருக்கமானது: இனம், எடை, ரத்தம் வந்த இடம், எத்தனை சொட்டு, எத்தனை நிமிடம், இப்போது வருகிறதா. எடை தெரியாவிட்டால் மருந்தின் அளவும் தெரியாது. கிராம் காட்டும் சிறு தராசு ஒன்று வீட்டில் இருப்பது இதனால்தான் முக்கியம்.

அடுத்த சில வாரங்கள்

பறவையின் சிவப்பணு ஏறத்தாழ 28 முதல் 45 நாள் வாழும். மனிதனுடையது சுமார் 120 நாள். வேகமாக அழிவதால் வேகமாகவே புதிதும் உருவாகிறது. பிழைத்துக்கொண்ட பறவை இழந்ததை ஈடுகட்டுவதும் அதனால் விரைவுதான். நல்ல தீனி, தொந்தரவில்லாத தூக்கம், தினமும் ஒரே நேரத்தில் எடை பார்ப்பது. பத்து சதவீத எடை குறைந்தால் மறுபடி மருத்துவரிடம் காட்டுங்கள்.

இறகைப் பிடுங்கியிருந்தால் அந்தக் குழியில் சில வாரங்களில் புது இறகு வரும். அதுவும் ரத்த இறகாகத்தான் வரும். முளைக்கும் நாட்களில் கூண்டிலிருந்து கூர்மையான பொம்மைகளை எடுத்துவிடுங்கள், இரவு விளக்கை அணைக்காதீர்கள், அந்தத் தண்டு அடிவரை வெளுக்கும் வரை சிறகு வெட்டும் கத்தரி உள்ளேயே இருக்கட்டும்.